கருப்பட்டிதானே என்று கொடுத்தது

எந்தப் பொட்டலத்தையும் பின்பக்கம் திருப்பிப் படிக்காமல் நான் வாங்குவதில்லை. செகந்திராபாத் திருமுல்கேரியில் எங்கள் தெருமுனைக் கடைக்காரருக்கு இது பழகிவிட்டது. நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலே, "சதவண்டி மேடம், சதவண்டி" என்று சிரிப்பார். படியுங்கள், நிதானமாகப் படியுங்கள் என்று அர்த்தம். அதற்குள் எனக்குப் பின்னால் நிற்பவர்களுக்குச் சாமான் கொடுத்து அனுப்பிவிடுவார். நான் உயிர்வேதியியலில் முதுகலை படித்தவள். மருந்து ஆய்வு அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த தவறு தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது.

போன வருடம் ஜனவரியில் என் மகளுக்கு நாலரை வயது. ஆறு மாதமாக எடை ஏறவே இல்லை. குழந்தை மருத்துவர் அவளை எடை பார்க்கும் மெஷினில் இரண்டு முறை ஏற்றி இறக்கிவிட்டு, பிஸ்கட்டை நிறுத்துங்கள், பள்ளிக்கு நட்ஸ் கொடுத்து அனுப்புங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்கவில்லை. எந்த நட்ஸ்? எத்தனை? ஊறவைத்தா, வறுத்தா? ஐந்து வயதுக்குள் முழுப் பருப்பு கொடுத்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருக்கிறேனே, அதை மருத்துவர் ஏன் சொல்லவில்லை?

"டாக்டர் நட்ஸ் குடுங்கன்னாரு. நீ அதுக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிட்டிருக்க" என்றார் என் கணவர்.

ஊறவைத்த பாதாமை அவள் இரண்டு முறை மென்றுவிட்டு என் உள்ளங்கையில் துப்பினாள். வெறுமனே வறுத்த முந்திரிக்கு வாயையே திறக்கவில்லை. "நக்கோ!" என்றாள். வேண்டாம் என்பதற்கு அந்தச் சொல்லைக் கீழ்வீட்டு அங்க்கிளிடமிருந்து பிடித்து வைத்திருந்தாள். நாங்கள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ்தான் பேசுகிறோம். அவளுக்கு எல்லாம் புரியும். பதில் மட்டும் வேறு எந்த மொழியிலாவது வரும்.

அப்படித்தான் கருப்பட்டி வந்தது. ஊரிலிருந்து அண்ணன் பனையோலைக் கொட்டானில் கட்டி அனுப்பியிருந்தது அலமாரியில் இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை செய்தது பாகு முறுகிப்போய், பருப்பெல்லாம் ஒரே பாறையாக ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் பாகு போதாமல் பிசுபிசுத்தது. மூன்றாவது முறை பிடிபட்டது. பாதாம், முந்திரி, நிலக்கடலை மூன்றையும் தனித்தனியாகச் சிறு தீயில் வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் பாதாம் சூடேறுவதற்குள் முந்திரி கருகிவிடும். கருப்பட்டியைத் தட்டி, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் இல்லாமல் வடிகட்டி, பாகு கம்பி பதத்துக்கு வந்ததும் பருப்பைக் கொட்டிக் கிளற வேண்டும். கையை எடுக்கக் கூடாது. பளபளவென்று இருக்கும் பாகு திடீரென்று மங்கி, ஒவ்வொரு பருப்பின் மேலும் மணல் தூவியதுபோல் பூத்துவிடும். அந்த நேரத்தில் சுக்குப்பொடி, ஏலக்காய், கொஞ்சம் பட்டைத்தூள், ஒரு சிட்டிகை மிளகு, அதைவிடக் குறைவாக உப்பு. தட்டில் பரப்பி ஆறவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்து கிடக்கும்.

மகளுடைய பங்கை மட்டும் இடிகல்லில் கொரகொரவென்று பொடிப்பேன். மிக்ஸியில் போட்டுப் பார்த்தபோது எண்ணெய் விட்டுக் களிம்பாகிவிட்டது. பொடித்ததைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். டப்பா காலியாக வந்தது. வேறு யாருக்காவது கொடுத்துவிட்டாளா என்று வேன் டிரைவரிடம்கூட விசாரித்தேன். இல்லை, வண்டி ஏறும்போதே பாதியைத் தின்றுவிடுகிறாள் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கீழ்வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருப்பது மாடி. வீட்டுக்காரர்கள் கீழே இருக்கிறார்கள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அங்க்கிள் ராணுவப் பணிமனையில் சிவிலியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆன்ட்டி போலாரத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அறிவியல் எடுக்கிறார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் நான் அலுவலகம் போக வேண்டும். அந்த மூன்று நாளும் மகள் பள்ளி வேனிலிருந்து இறங்கி நேரே கீழ்வீட்டுக்குள் போய்விடுவாள். முதலில் அங்க்கிள் பார்த்துக்கொள்வார். மூன்று மணிக்குமேல் ஆன்ட்டி வந்துவிடுவார். இதை அவர்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் இல்லையென்றால் நான் வேலையை விட்டிருப்பேன். இந்தப் பயம் எனக்குள் எப்போதும் இருந்தது.

ஆன்ட்டிக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை தவறாமல் போடுகிறவர். கிறிஸ்மஸுக்குத் தெரு முழுவதற்கும் ரோஸ் குக்கி சுட்டு அனுப்பிவிட்டு, தன் வாயில் ஒன்றைக்கூடப் போடாதவர். ஒருநாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, என் மகள் தன் டப்பாவை அவர் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, டேஸ்ட் கரோ!"

"எனக்கு இனிப்பு நக்கோ கண்ணா." என்னைப் பார்த்ததும் கேட்டார். "இதுல சுகர் போட்டிருக்கியா மா?"

"சீனியே கெடையாது ஆன்ட்டி. கருப்பட்டிதான்."

"கருப்பட்டியா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க அப்பா பக்கம் பாளையங்கோட்டை மா. எங்க அத்தைக்கு ரொம்ப சுகர். கடைசி வரைக்கும் கருப்பட்டிக் காப்பிதான் குடிச்சாங்க."

"எங்க அப்பாவும் அதான் குடிக்காங்க ஆன்ட்டி. ஒண்ணும் செய்யாது."

ஒண்ணும் செய்யாது. இந்த இரண்டு சொற்களையும் நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சர்க்கரை வந்தவர்கள் சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக்கு மாறுவார்கள். டாக்டர் சொன்னதையும் கேட்டதாயிற்று, காப்பியும் இனிப்பாக இருக்கும். கருப்பட்டியில் இருப்பதும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான் என்று எனக்குத் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் அது பரீட்சைத்தாளில் இருந்த அறிவு. ஊரிலிருந்து ஓலைக்கொட்டானில் வரும் பொருளைத் திருப்பிப் பார்க்க அதற்குப் பின்பக்கம் இல்லை. எனக்கும் அப்படி ஒரு யோசனையே எழவில்லை.

ஆன்ட்டி ஒரு சிட்டிகை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அன்று மாலையே ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய முழுப் பருப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு நான் செய்யக்கூடியது ஒன்று கிடைத்ததே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலி பாட்டில் மேலே வரும், ஞாயிற்றுக்கிழமை நிரம்பிக் கீழே போகும்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வந்தன. அந்த நாற்பது நாளும் ஆன்ட்டி இறைச்சியும் பலகாரமும் தொடமாட்டார். பாட்டிலை மட்டும் நிறுத்தவில்லை.

"இது ஸ்வீட் இல்லயே, நட்ஸ்தானே" என்றார்.

"ஆண்டவர்கிட்டயே பாயிண்ட் பேசறா பார் பேட்டா இந்த டீச்சரம்மா" என்றார் அங்க்கிள் என்னிடம்.

"நீங்க சும்மா இருங்க. லெந்துல சிகரெட் விட்டேன்னுட்டு மொட்ட மாடிக்குப் போய் நின்னவரு நீங்க."

"அது காத்து வாங்க."

"ஹவ், ஆமா, காத்துக்கு நெருப்புப் பெட்டி வேணும் பாருங்க."

ஆன்ட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. விடைத்தாளை மூக்கின் மேல் வைத்துக்கொண்டு திருத்துவார். ஒரு பையனுக்கு மூன்று மதிப்பெண்ணை எட்டு என்று படித்துக் கூட்டிவிட்டதாகவும், தலைமையாசிரியை மிகவும் மரியாதையாகவே ஒரு பேச்சுப் பேசியதாகவும் ஒருநாள் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். சிரித்தது வாய் மட்டும்தான். கோடை விடுமுறையில் அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. மே முதல் வாரம் ஒரு கண், பதினைந்து நாள் கழித்து இன்னொரு கண். ஜூனில் பள்ளி திறக்கும்போது புதுக்கண்ணோடு வகுப்புக்குப் போக வேண்டும். இந்த விடுமுறை தப்பினால் தசரா விடுமுறை வரைக்கும் இதே பார்வையோடு ஓட்ட வேண்டும். அதற்குப் பள்ளி விடுமா என்பது அவருக்குச் சந்தேகம். கடைசி இரண்டு வருடத்தை நூலகத்தில் உட்கார்ந்து கழிக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார்.

அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அன்று மாலை நான் மகளை அழைக்கக் கீழே போனபோது வீடு அமைதியாக இருந்தது. ஆன்ட்டி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பரிசோதனைத்தாள்.

"ஆபரேஷன் இல்லயாம் மா. மூணு மாச சராசரி ரொம்ப ஏறிக் கிடக்காம். இந்த சுகரோட கண்ணுல கை வெக்க மாட்டேன்னுட்டார். நாலு வாரம் கழிச்சு வந்து காட்டச் சொல்றார். அப்பவும் குறையலன்னா தசராவுக்குத்தான்."

"எப்படி ஆன்ட்டி ஏறிச்சு?"

"அதைத்தான் இவர்ட்ட கேக்கறேன்." அங்க்கிளைக் கையால் காட்டினார். "காலையில டீ போடறது இவரு. ரெண்டு கப். ஒண்ணுல சர்க்கரை, ஒண்ணு சும்மா. கப்பை மாத்தி மாத்திக் குடுத்திருக்காரு."

"கைக்கு? நான் எதுக்கு மாத்தறேன்? முப்பத்தி நாலு வருசமா உன் கப்பு நீலம், என் கப்பு வெள்ளை."

"அப்ப எப்படி ஏறிச்சு? சொல்லுங்க. ஆகாசத்துலருந்து வந்துச்சா?"

அங்க்கிள் எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"நீ மேல கொண்டு போ பேட்டா. இனிமே எனக்கும் சும்மா டீதான். மாத்தறதுக்கே ஒண்ணும் இருக்காது பார்."

மூன்று மாதம். நான் அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு படியேறும்போது எண்ணினேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஐந்தாவது படியில் நின்றுவிட்டேன். மகள் கீழே இருந்து, "மம்மி, சலோ!" என்று என் முதுகைத் தள்ளினாள்.

அன்று என் மடிக்கணினியில் முதல் முறையாகக் கருப்பட்டியைப் பற்றித் தேடிப் படித்தேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. எனக்குத் தெரிந்ததுதான் அங்கே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கருப்பட்டி போடுகிறேன், அதில் கீழே போகும் பாட்டிலுக்கு எவ்வளவு என்று துண்டுத்தாளில் போட்டுப் பார்த்தேன். தாளைக் கிழித்துப் போட்டேன். பிறகு ஒருவேளை தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று இன்னொரு தாளில் மறுபடி போட்டேன்.

கணவரிடம் சொன்னேன். "இனிமே குடுக்காத. தானா குறைஞ்சிரும். சொல்லி என்ன ஆவப்போவுது? அவங்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்பதால் உடனே சரி என்றேன். சனிக்கிழமை மகள் காலி பாட்டிலோடு மேலே வந்தாள். மூடிக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. 'கொஞ்சம் கூடுதலாகப் போடு மா. இப்ப இதுதான் சாப்பாடு' என்று பெரிய பெரிய எழுத்தில், கோடு தாண்டி எழுதியிருந்தார். பாதாம் தீர்ந்துபோய்விட்டது ஆன்ட்டி, வாங்க வேண்டும் என்று மகளிடம் சொல்லி அனுப்பினேன். அலமாரியில் ஒரு கிலோ இருந்தது. மகள் அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கீழே போனாள்.

இப்ப இதுதான் சாப்பாடு. அந்த வரி என்னை விடவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று கீழே இறங்கிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மற்றதும் வெளியே வந்துவிடும் என்று கேட்காமல் இருந்தேன். ஞாயிறும் போயிற்று, திங்களும் போயிற்று. அந்த இரண்டு நாளும் கீழே அங்க்கிள் சர்க்கரையில்லாத டீயை ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்து வேலை. மதியம் இரண்டு மணிக்கு மகள் படியில் தடதடவென்று ஓடி வந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் அவள் பகல் முழுவதும் கீழேதான் இருப்பாள்.

"மம்மி! ஆன்ட்டி கு சக்கர் ஆரா! நீச்சே பைட் கயே!"

ஆன்ட்டிக்குத் தலை சுற்றுகிறது, கீழே உட்கார்ந்துவிட்டார். நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. ஆன்ட்டி குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்திருந்தார். நைட்டி வியர்வையில் நனைந்திருந்தது. அங்க்கிள் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"குறைஞ்சிருக்கு பேட்டா. ரொம்பக் குறைஞ்சிருக்கு. வீட்ல ஒரு ஸ்பூன் சர்க்கரை இல்ல!"

மேலே ஓடினேன். அவர்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவோடு திரும்பி வந்தேன். தண்ணீரில் கரைத்து டம்ளரை ஆன்ட்டியின் உதட்டில் வைத்தேன். கால் மணி நேரத்தில் அவர் தெளிந்து எங்களைப் பார்த்தார். மறுபடி குத்திப் பார்த்தோம், ஏறியிருந்தது. அங்க்கிள் தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்தார்.

விஷயம் அப்போதுதான் தெரிந்தது. நாலு வாரத்தில் குறைத்துக் காட்ட வேண்டும் என்று ஆன்ட்டி ஒரு வாரமாக மதியமும் இரவும் சோற்றை விட்டிருந்தார். மாத்திரையை விடவில்லை. பசித்தபோதெல்லாம் என் பாட்டிலிலிருந்து ஒரு கைப்பிடி. காலையில் விரலில் குத்திப் பார்த்தால் ஏறியிருக்கும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சாப்பாட்டைக் குறைப்பார். சனிக்கிழமையோடு பாட்டிலும் இல்லாமல் போனது. மூன்று நாளாகக் கிட்டத்தட்டப் பட்டினி.

"என்ன தப்பு பண்றேன்னே தெரியலயே மா" என்றார். சோற்றை விழுங்கிக்கொண்டே அழுதார். "எல்லாத்தயும் விட்டுட்டேன். இன்னும் எதை விடறது?"

சொல்லாமல் விட்டால் தானாகக் குறையும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோமே. அது எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று பார்த்தேன். என் மகள் கதவோரத்தில் நின்று அழலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அங்க்கிளிடம் கொடுத்து முன்னறைக்கு அனுப்பினேன். தரையில் ஆன்ட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஆன்ட்டி, நட்ஸ்லதான் ஏறிச்சு. நான் குடுத்த நட்ஸ்ல."

"நட்ஸ்லயா? நட்ஸ் நல்லதுன்னு டாக்டரே சொல்றாரே."

"நட்ஸ் நல்லதுதான். மேல இருக்கற கருப்பட்டி. சீனிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாது ஆன்ட்டி. எனக்கு அது தெரியும். படிச்சிருக்கேன். ரிப்போர்ட் வந்த அன்னைக்கே புரிஞ்சிட்டு. உங்கட்ட சொல்லப் பயந்துட்டு பாதாம் தீர்ந்துட்டுன்னு பொய் சொன்னேன். அங்க்கிள் மேல ஒரு தப்பும் இல்ல."

ஆன்ட்டி கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தார். முன்னறையிலிருந்து அங்க்கிளின் குரல் கேட்டது. அவர் காதை எங்கள் பக்கமேதான் வைத்திருந்தார்.

"கேட்டியா டீச்சரம்மா? ஒரு வாரமா கஷாயம் குடிக்கிறேன் நான்!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

பிறகு என்னிடம் திரும்பினார். நான் அந்த முகத்தை எதிர்பார்த்துத்தான் மூன்று நாளாகத் தூங்காமல் இருந்தேன். என் மனத்துக்குள் அவர் பேசக்கூடிய வசனங்களெல்லாம் ஏற்கெனவே பேசி முடிந்திருந்தன. உன் குழந்தையை நான் பார்த்துக்கொண்டேன், நீ என் கண்ணைக் கெடுத்தாய். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் மட்டும் எதுவும் தயாராகவில்லை.

"மூணு நாளா தெரியுமா உனக்கு?"

"அதுக்கு மேலயே ஆச்சு ஆன்ட்டி."

"அதுதான் மா எனக்குக் கோபம்" என்றார். "கருப்பட்டி குடுத்தது இல்ல. அதுல எனக்கும் பங்கு இருக்கு. நான் வருசா வருசம் எட்டாம் கிளாஸ்ல கார்போஹைட்ரேட் பாடம் எடுக்கறவ. வெல்லம், கரும்பு, தேன்னு போர்டுல லிஸ்ட் எழுதறவ. எனக்குத் தெரியாதா? முதல் நாள் வாயில போடறப்பவே உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லிச்சு. ஏழு வருசம் ஆச்சு மா நாக்குல இனிப்பு பட்டு. நீ ஒண்ணும் செய்யாதுன்ன. எனக்கு அது போதுமா இருந்துச்சு." மூச்சு விட்டார். "ஆனா தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும். நான் இவரை எவ்ளோ பேசிட்டேன்."

"சாரி ஆன்ட்டி."

"என்ட்ட எதுக்கு? அந்த மனுசன்ட்ட சொல்லு."

நான் எழுந்து முன்னறைக்குப் போனேன். அங்க்கிள் என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் நக்கோ. டப்பா கீழ வந்துடுச்சில்ல, அது போதும்" என்றார். அன்று மாலை இரண்டு ஸ்பூன் போட்டு ஒரு டீ குடித்தார். ஆன்ட்டி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

அவர்கள் பார்க்கும் சர்க்கரை மருத்துவரிடம் அடுத்த நாள் நானும் கூடப் போனேன். நடந்ததை மறைக்காமல் நான்தான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சோற்றை அளவாகச் சாப்பிடச் சொல்லி, மாத்திரையைக் கொஞ்சம் மாற்றினார். பாதாம் பத்து, எதுவும் பூசாமல் என்று எழுதிக் கொடுத்தார். நான் மிளகும் உப்பும் கறிவேப்பிலையும் போட்டு வறுத்துக் கொடுத்துப் பார்த்தேன். "மருந்துக்கடை வாசனை வருது" என்று சொல்லிக்கொண்டே ஆன்ட்டி பத்தையும் எண்ணித் தின்றார். மாலையில் இருவரும் தெருவை நாலு சுற்று நடப்போம். அவருக்குப் பள்ளம் மேடு தெரியாது என்பதால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அந்த நடையில் எங்களுக்குள் பழைய பேச்சு உடனே வந்துவிடவில்லை. முதல் சில நாள் தெருநாய்களைப் பற்றி மட்டும் பேசினோம். நானும் தினமும் படுக்கும்முன், இன்று சொன்னதில் ஏதாவது தப்பாகப் பட்டிருக்குமோ என்று எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மகள் கருப்பட்டி நட்ஸைத்தான் கேட்டாள். கொடுப்பதா வேண்டாமா என்று அதற்கும் இரண்டு நாள் யோசித்தேன். பாகைப் பாதியாகக் குறைத்தேன். அவள் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

நாலு வாரம் முடிந்து மறுபடி பரிசோதனை. மூன்று மாத சராசரி அவ்வளவு சீக்கிரம் இறங்காது, ஆனால் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் அளவு கட்டுக்குள் வந்திருந்தது. கண் மருத்துவர் தாளை இரண்டு முறை புரட்டிவிட்டு, ஒரு கண்ணுக்கு மட்டும் இப்போது செய்கிறேன், இன்னொன்றைத் தசரா விடுமுறையில் பார்க்கலாம் என்றார். ஒரு கண். ஆன்ட்டி கேட்டது இரண்டு. அந்த ஒரு கண்ணின் நஷ்டம் என் மேல்தான் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வரும் வழியில் ஆட்டோவில் ஆன்ட்டி, "ஒரு கண்ணு போதும் மா, பசங்க காப்பி அடிக்கறதப் புடிக்கறதுக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் முதல் வாரம் அறுவை முடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு சொட்டு மருந்து தொடங்கியது. மூன்று விதம். ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒன்று நாலு வேளை, ஒன்று இரண்டு வேளை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் பத்து நிமிடம் விட வேண்டும். அங்க்கிளுக்குக் கை நடுக்கம். நான் ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினேன். அட்டவணை போட்டுக் கீழ்வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். ஒவ்வொரு முறையும் குப்பியின் பெயரை வாய்விட்டு இரண்டு தடவை படித்த பிறகே மூடியைத் திறந்தேன்.

முதல் முறை கேட்டேன். "ஆன்ட்டி, நான் போடறது உங்களுக்குப் பரவாயில்லயா?"

"வேற யாரு போடுவா? இவரு போட்டா காதுல விழும்."

கட்டிலில் மல்லாந்து படுத்தார். நான் அவர் கீழிமையை விரலால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொட்டு விட்டேன். சரியாக விழுந்தது. அவர் கண்ணை மூடினார், ஓரத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது மருந்துக்காகக் கண்ணைத் திறந்தவர், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து குடியேறிய இரண்டு வருடத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் அப்படிப் பார்த்ததில்லை.

"கண்ணுக்குக் கீழ இவ்ளோ கருப்பா இருக்கே மா உனக்கு. எத்தன நாளா?"

"ரொம்ப நாளாத்தான் ஆன்ட்டி."

"தூங்கறதே இல்லயா?"

"கண்ண அசைக்காதீங்க, சொட்டு தவறிரும்" என்றேன்.

அவர் அசையாமல் படுத்துக்கொண்டு, "மூணாவது மருந்தப் போட்டுட்டு பக்கத்து ரூம்ல போய்ப் படு. குழந்தைய அவர் பார்த்துப்பார். அடுத்த சொட்டுக்கு நானே எழுப்பறேன். கடியாரம் இங்கிருந்தே தெரியுது எனக்கு" என்றார்.

நான் படுத்தேன். தூக்கம் வராது என்று நினைத்துத்தான் படுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து, நாலு மணி ஆயிற்று என்று ஆன்ட்டி கூப்பிட்டபோது என் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்ததாம்.